வேட்டைக்கும் ஆகும், வீட்டுக்கும் ஆகும்

கரிசல் காட்டில் ஒரு வீட்டுக்கு நாய் வேண்டுமென்றால் அந்தக் காலத்துப் பெரியவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: வேட்டைக்கும் ஆகுமா, வீட்டுக்கும் ஆகுமா? பகலெல்லாம் திண்ணையோரம் படுத்துக் கிடக்க வேண்டும். தவழும் பிள்ளை காதைப் பிடித்து இழுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ராத்திரி களத்தில் கம்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் காவல் கிடக்க வேண்டும். தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்து, பருத்திமார் மட்டும் மிச்சம் நிற்கிற புஞ்சையில் ஒரு முயல் துள்ளி எழுந்தால், அதை விரட்டிப் பிடித்து, தான் தின்னாமல், ஆள் வரும்வரை கவ்விக்கொண்டு நிற்கவும் வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து அதற்கு நாம் கொடுத்தது ஒரு கும்பா கம்மங்கஞ்சி, அதன்மேல் ஊற்றிய கொஞ்சம் மோர், படுக்க ஒரு பழைய சாக்கு. இந்த ஏற்பாட்டுக்கு அந்த நாய்கள் சம்மதித்து நம்மோடு இருந்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நெகிழ்கிறது.

சென்னையில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் என் பேத்தி சில மாதங்களுக்கு முன் கூப்பிட்டு, "தாத்தா, நாய் வாங்கப் போறோம், நம்ம ஊர் நாயாவே வாங்கலாம்னு இருக்கோம், நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அவள் அடுக்கிய கேள்விகளில் ஒன்றுகூட என் தாத்தா கேட்ட கேள்வி இல்லை. முடி கொட்டுமா? ரொம்பக் குரைக்குமா? லிஃப்டில் ஏறப் பயப்படுமா? காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம்வரை தனியாக இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்சேபித்தால் என்ன செய்வது? கடைசிக் கேள்விக்கு அவளே பதிலும் வைத்திருந்தாள்: குடியிருப்புச் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறதாம். எங்கள் தெருவில் நாய் வளர்க்கலாமா கூடாதா என்று ஒரு சங்கம் கூடிப் பேசும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், திண்ணையில் இருந்த அத்தனை பேரும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார்கள். நாய்கள் தெருவுக்கே சொந்தம்; எந்த வீட்டில் கஞ்சி வைத்தார்களோ அந்த வீட்டுப் பெயரைச் சொல்லி அழைப்போம், அவ்வளவுதான்.

ஆனால் வேட்டை நாய் அப்படியில்லை. அதற்கு ஒரு வீடு, ஓர் ஆள். அவர் கூப்பிட்டால்தான் எழும். அடுத்தவர் கை பட்டால் உடம்பைச் சிலிர்த்து ஒதுங்கிக்கொள்ளும். நாங்கள் இருந்தது சாத்தூருக்கும் வேம்பக்கோட்டைக்கும் நடுவே, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில். 1985ல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு அது விருதுநகர் பக்கம் வந்தது. சிப்பிப்பாறை என்ற ஊரே எங்களுக்குக் கூப்பிடு தூரம். அந்த ஊர்ப் பெயரைச் சுமக்கும் நாயை எங்கள் சனங்கள் வெறுமனே வேட்டை நாய் என்றுதான் சொல்வார்கள். ஒல்லியான உடம்பு, ஆழமான நெஞ்சு, முதுகோடு ஒட்டின வயிறு, நீண்ட மூஞ்சி, கருக்கரிவாள் போல வளைந்த மெல்லிய வால். செவலையும் உண்டு, மயிலையும் உண்டு, சாம்பலும் உண்டு. அதே உடற்கட்டில் கறுப்பாய் இருந்து, இரண்டு கண்ணுக்கும் மேலே ஆளுக்கொரு செம்புள்ளி வைத்திருந்தால் அது கன்னி. பெண்ணுக்குச் சீராகக் கன்னி நாய்க்குட்டியை அனுப்புகிற வழக்கம் இருந்ததாகப் பாட்டி சொல்வாள். மேற்கே ராஜபாளையம் போனால் பால்வெள்ளை உடம்பும் ரோஸ் நிற மூக்கும் கொண்ட பெரிய நாய்கள். பங்களாக் காவலுக்கும் தோப்புக் காவலுக்கும் அவை. இன்னும் வடக்கே, மலையடிவாரத்தில், இப்போது தேனி மாவட்டமாகிவிட்ட கோம்பையில், கரிய மூஞ்சியும் செந்தவிட்டு நிறமும் கொண்ட முரட்டு நாய். காட்டுப்பன்றிக்கு முன்னால் நிற்கிற துணிச்சல் அதற்குத்தான் உண்டு என்பார்கள். நிலம் எப்படியோ நாய் அப்படி. மரமில்லாத கரிசலில் கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய் வேண்டும். மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றால் முயல் அடுத்த ஊர் எல்லையில் இருக்கும்.

குட்டி தேர்ந்தெடுப்பது என்பது மாடு பிடிப்பதைவிடப் பெரிய காரியமாக நடந்தது. நாய் ஈன்றிருக்கிறது என்று சேதி வந்ததும் தாத்தா உடனே கிளம்பமாட்டார். கண் திறந்து, நடை பழகி, தாயிடமிருந்து மற்ற குட்டிகளைத் தள்ளிவிட்டுப் பால் குடிக்கிற பருவம் வரட்டும் என்று காத்திருப்பார். பிறகு ஒரு நாள் விடியற்காலையில், வைப்பாற்று மணலைக் கடந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். பின்னாலேயே நான், கையில் ஓலைக் கொட்டான், அதில் குட்டிக்குக் குளிராமல் இருக்கப் பாட்டியின் கிழிந்த சேலைத் துண்டு. அங்கே போனதும் குட்டிகளைப் பார்க்கமாட்டார். முதலில் தாயைப் பார்ப்பார். அது எப்படி எழுந்து வருகிறது, அந்நியரைக் கண்டதும் குரைத்துக்கொண்டே பின்வாங்குகிறதா, குரைக்காமல் வந்து இடையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அப்புறம் சோதனைகள் ஆரம்பிக்கும். குட்டியின் பின்னங்கழுத்துத் தோலைப் பிடித்து ஒரு கணம் தூக்குவார். கத்தினால் கீழே வைத்துவிடுவார். வாயைத் திறந்து அண்ணம் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். நகம் எண்ணுவார். நாய்க்குப் பொதுவாக முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நாலு நாலு என்று பதினெட்டு நகம். பின்னங்காலிலும் ஒட்டுநகம் இருந்து இருபதாகிவிட்டால் அந்தக் குட்டிக்கு மதிப்பு ஏறிவிடும். வாலைப் பின்னங்கால் வழியாக மடக்கி இடுப்பெலும்புவரை எட்டுகிறதா என்று அளப்பார். கடைசியில், பொடிக்கல் ஒன்றைக் குட்டிகளின் தலைக்கு மேலாக அப்பால் எறிவார். சத்தம் வந்த பக்கம் எல்லாக் குட்டியும் திரும்பும். ஒன்றே ஒன்று மட்டும் கல் பறக்கும்போதே கண்ணால் அதைத் தொடர்ந்து போகும். அதுதான் எங்கள் குட்டி. அண்ணத்துக்கும் நகத்துக்கும் ஓட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இன்று எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்வார். ஆனால் தாயைப் பார்த்ததும், கண் எதைத் தொடர்கிறது என்று பார்த்ததும் அசல் அறிவு. இன்றும் குட்டி எடுப்பதற்கு அதைவிட நல்ல வழியை நான் கேள்விப்பட்டதில்லை.

பணம் என்ற பேச்சு வராது. "காசு என்ன அண்ணாச்சி காசு, குட்டிய நல்லா வச்சுக்கிட்டாப் போதும். நாளைக்கு அது ஈன்றா எனக்கு ஒண்ணு குடுங்க" என்பார் வீட்டுக்காரர். தாத்தா மடியிலிருந்து ஒரு வெற்றிலைக் கட்டும், பாட்டி கொடுத்துவிட்ட ஒரு படி உளுந்தும் எடுத்து வைப்பார். குட்டியைக் கொட்டானுக்குள் விடும்முன் அந்த வீட்டு அம்மாள் அதன் நெற்றியில் துளி விபூதி வைப்பாள். இப்போது பேத்தி எனக்கு அனுப்பிய படங்களில் ஒவ்வொரு குட்டிக்கும் கீழே ஆயிரக்கணக்கில் விலை, முன்பணம் அனுப்பக் கட்டம் கட்டமாய் ஒரு குறியீடு, வண்டிச் சத்தம் தனி. தாய் எங்கே என்று கேட்கச் சொன்னேன். கேட்டாள். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

வேட்டைக்கு வருகிறேன். உங்களில் கரிசல்காட்டுப் பிள்ளைகள் யாராவது இருந்தால் அந்த மாசி மாதத்துக் காலைகள் நினைவுக்கு வரும். பனி இன்னும் மண்ணில் கிடக்கும். ஆட்கள் ஒருவருக்கொருவர் இருபது முப்பது அடி விட்டு, வரிசையாகப் புஞ்சையைக் குறுக்கே நடப்பார்கள். கையில் வேட்டைக் கம்பு, பக்கத்தில் கழுத்துக் கயிற்றோடு நாய். யாரும் பேசக்கூடாது. முயல் வளை தோண்டாது; காய்ந்த புல் மறைவிலோ மல்லிச்செடி ஓரத்திலோ மண்ணோடு மண்ணாகக் காதை மடக்கிப் படுத்திருக்கும். காலடி படப்போகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் எழும். எழுந்த வேகத்தில் அதன் பிடரியில் இருக்கும் கறுப்புத் திட்டு மட்டும் கண்ணில் படும். கயிறு நழுவும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நான் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை: முதுகு வளைந்து, நிமிர்ந்து, நாலு காலும் மண்ணை விட்டு எழும்பி, மறுபடி வளைந்து, சத்தமே இல்லாமல் அந்த நாய் புஞ்சையைச் சுருட்டிக்கொண்டு போகும். முயல் நேராக ஓடாது. நாயின் மூச்சு பின்னங்காலில் படுகிற நேரத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பும். நாய் தன் வேகத்தில் கொஞ்ச தூரம் தாண்டிப் போய்ப் புழுதி கிளப்பித் திரும்பும். ஜோடி நாய் இருந்தால் ஒன்று விரட்ட, மற்றது திருப்பத்துக்குக் காத்திருக்கும். பல நாள் முயல்தான் ஜெயிக்கும். சிறுவனான எனக்கு யார் பக்கம் நிற்பது என்றே தெரியாது. நாய் எங்கள் செவலை. அது பிடித்துவிட வேண்டும் என்று தொண்டை வறளக் கத்துவேன். அதே வாயால், முயல் ஓடைக்கரை தாண்டித் தப்பிவிட்டால் பெருமூச்சு விடுவேன்.

வேட்டையைவிட அதற்கு அப்புறமான ராத்திரிதான் எனக்குப் பிடித்தது. அரிக்கேன் விளக்கைத் தாத்தா தரையில் வைப்பார். செவலை அவர் எதிரே படுத்து, கேட்காமலே முன்னங்காலை நீட்டும். உள்ளங்காலில் மிதிபட்ட நெருஞ்சி முள் நுனி மட்டும் தெரியும். சேலை ஊக்கை விளக்குத் தீயில் காட்டிவிட்டு, முள்ளைச் சுற்றி மெதுவாக நிமிண்டி, கட்டைவிரல் நகத்தால் பிடித்து இழுப்பார். நாய் அனத்தாது, கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொள்ளும். முள் வந்ததும் அதை நக்கிவிட்டு அடுத்த காலை நீட்டும். எல்லாக் காலும் முடிந்தபின் விளக்கெண்ணெயை இளஞ்சூடாக்கி ஒவ்வொரு விரலிடுக்கிலும் தடவுவார். வீட்டில் யாருக்கும் அவர் அப்படிக் கால் பிடித்துவிட்டு நான் பார்த்ததில்லை. பாட்டி அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள்.

நாயோடு முயல் பிடிப்பது நம் மண்ணில் புதிய வழக்கமும் இல்லை. சங்க இலக்கியத்தில் பெரும்பாணாற்றுப்படையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: வேட்டுவர்களான எயினர்கள் நாய்களோடு புதரைக் கலைத்து, வேலியில் வலை கட்டி, நீண்ட காதுள்ள முயலை மடக்குகிற காட்சி அதில் அப்படியே இருக்கிறது. கல்லூரியில் தமிழாசிரியர் அந்தப் பகுதியை நடத்தியபோது வகுப்பில் எல்லாரும் உரையைப் புரட்டிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் உரை தேவைப்படவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் என்னைப் பெரிய புலவனாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெருமிதம் இப்போதும் இனிக்கிறது.

அந்த வேட்டை இன்று சட்டப்படி குற்றம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. ஆரம்பத்தில் சிறு விலங்குகளுக்கு உரிமம் வாங்கி வேட்டையாட அதில் இடம் இருந்தது. 1991ல் வந்த திருத்தம் அந்தக் கதவையும் சாத்தியது. எங்கள் ஊரில் இரண்டு வருஷமும் யாருக்கும் தெரியாது. வனத்துறை ஜீப் ஊருக்குள் வந்த நாளைத்தான் சொல்வார்கள். மாசிச் சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை என்று ஊரே கிளம்பிக் காட்டுக்குள் போய், கிடைத்ததைக் கொண்டுவந்து சாமிக்குப் படைத்துப் பங்கு போடுகிற வழக்கம் தெற்கே பல ஊர்களில் இருந்தது. இப்போது ஒவ்வொரு சிவராத்திரிக்கும் முன்னால் வனத்துறை எச்சரிக்கை விடுக்கிறது. எனக்கு இதில் வருத்தம் இல்லை. முயலுக்கு ஒரு தடவை பாதுகாப்புத் தேவைப்பட்டது என்றால் அது இந்தக் காலத்தில்தான். அன்றைக்கு ஒரு ஊரில் சில நாய்கள், விரிந்து கிடக்கும் காடு, முயலுக்குத் தப்ப நூறு வழி. இன்றைக்குத் தலையில் கட்டிய பேட்டரி விளக்கின் வெளிச்சத்தில் கண் கூசி நிற்கிற முயலைச் சுட்டுவிடுகிறார்கள். அதில் ஓட்டமும் இல்லை, நியாயமும் இல்லை. சட்டம் வேண்டும்.

ஆனால் சட்டம் வராமல் இருந்திருந்தாலும் அந்த ஓட்டம் நின்றுதான் போயிருக்கும். செவலை ஓடிய புஞ்சையில் பாதியைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. அந்த முள்ளுக்குள் எந்த வேட்டை நாயும் முழு வேகத்தில் போக முடியாது. மீதியில் வண்ணம் அடித்த எல்லைக் கற்களும், நகர் என்று முடியும் பெயர்ப்பலகையும். கிழக்கே மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நாற்கரச் சாலை. தாத்தா காலத்தில் மாட்டுவண்டி கடந்த இடத்தை இன்று நாய் கடக்க நினைத்தால் உயிர் போகும். கம்பும் குதிரைவாலியும் இருந்த மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கிறது. அதைத் தின்னக் காட்டுப்பன்றி வருகிறது என்று சம்சாரிகள் ராத்திரி முழுக்கத் தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முயலைப் பிடிக்க நாய் வளர்த்த ஊரில், பன்றியை விரட்ட நாய் இல்லாமல் வெடி போடுகிறோம்.

இந்த மாற்றத்துக்கு நடுவில்தான் நம் வீடுகளுக்குள் வெளிநாட்டு நாய்கள் வந்தன. எண்பதுகளில், உத்தியோகம் கிடைத்து டவுனில் வீடு எடுத்த ஒவ்வொருவரும் வெள்ளை வெளேர் என்று ஒரு பொமரேனியன் வைத்திருந்ததும், அதற்கு ஜிம்மி என்றோ ரோஸி என்றோ பெயர் இருந்ததும், அது கட்டிலுக்கு அடியிலிருந்து தபால்காரரைப் பார்த்து ஓயாமல் குரைத்ததும் உங்களுக்கும் நினைவிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பொமரேனியனே இல்லை, இந்தியன் ஸ்பிட்ஸ் என்று பின்னாளில் தெரிந்துகொண்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து வந்த தாத்தா அதை மடியில் தூக்கி வைத்து, பழக்கதோஷத்தில் வாலை மடக்கி அளந்து பார்த்தார். பிறகு அதன் கனத்த முடிக்குள் விரலை விட்டு, "வெயிலுக்கு என்ன பாடு படுதோ" என்று முணுமுணுத்துவிட்டு விசிறியை எடுத்து அதற்கு வீச ஆரம்பித்தார். 2003ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் நடந்த பக் நாயைப் பார்த்து நாடே மயங்கியது. சப்பை மூக்கால் நம் வெயிலில் மூச்சுவிட அது படும் அவஸ்தையை மருத்துவமனை வாசலில் பார்த்தவர்கள் அந்த ஆசையை மறுபடி வளர்க்கமாட்டார்கள். இப்போது எங்கு பார்த்தாலும் லாப்ரடார். நல்ல பிராணி, குழந்தைகளிடம் உயிரை விடும். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு குளிர்ந்த கடலில் நீந்தி, பிறகு இங்கிலாந்துப் பிரபுக்களுக்கு, சுட்டு விழுந்த வாத்தை எடுத்துவந்து கொடுத்த பரம்பரை அது. அடுத்த தெருவில் குட்டைக் காலோடு உருண்டு வரும் டாஷுண்ட், ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து விலங்கைப் பிடிக்க உருவானது. ஆகவே வேட்டைக்கும் ஆகும் வீட்டுக்கும் ஆகும் என்று நாய் எடுத்தவர்கள் எங்கள் தாத்தாக்கள் மட்டுமில்லை. உலகத்தில் எல்லா ஊர்த் தாத்தாக்களும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் தங்கள் மண்ணுக்கு எடுத்தார்கள். நாம் அவர்கள் மண்ணுக்கு எடுத்ததை நம் மாடிக்கு எடுத்தோம்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 2005ல் தபால் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. அந்தத் தபால்தலையை வாங்கி வந்து கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தவர்களில் நானும் ஒருவன். சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி நாய்களை வளர்த்துக் குட்டி கொடுத்துவந்தது. எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் 2017ல் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 2018ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கருப்பி என்ற வேட்டை நாயைப் பார்த்துவிட்டுத் திரையரங்கில் முன்பின் தெரியாதவர்கள் அழுதார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசும்போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னார். வீட்டுக் கொல்லையில் கிடந்தவற்றுக்கு இத்தனை மரியாதை வந்ததைப் பார்க்கத் தாத்தா இல்லையே என்று இருக்கிறது.

மரியாதையோடு கூடவே ஆபத்தும் வந்தது. வெள்ளை வெளேரென்று, ரோஸ் மூக்கோடு இருக்கிற ராஜபாளையத்துக்குத்தான் கிராக்கி. அந்த நிறத்துக்காகவே நெருங்கிய உறவுக்குள் இணை சேர்த்துக்கொண்டே போனதில் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. சாம்பலும் புள்ளியுமாகப் பிறந்த, காது நன்றாகக் கேட்கிற குட்டியை வாங்க ஆளில்லை. தாத்தா எறிந்த அந்தப் பொடிக்கல்லை இன்று குட்டி வாங்கப் போகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க ஆசைப்படுகிறேன். பின்னால் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பழைய காலத்தை நான் ஏங்கிப் பேசுவதைக் கேட்டுவிட்டு, அப்போது எல்லாமே நன்றாக இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. குன்னூரில் 1907ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தின் பெயர் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது பாடப் புத்தகத்தால் அல்ல, அந்த மருந்தால். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை 2004க்குப் பிறகு நாட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் சில ஊசிகளோடு முடிகிறது. எங்கள் நாய்களில் ஒன்றுக்குக்கூட அன்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டதில்லை. அப்படி ஒன்று உண்டு என்றே தெரியாது. எண்பதுகளில் பார்வோ வந்து, ரத்தக்கழிச்சலில் ஒரு ஈற்றுக் குட்டிகள் முழுவதும் இரண்டு மூன்று நாளில் சுருண்டு விழுந்தபோது, பாட்டி மாதுளந்தோலைக் கஷாயம் வைத்துப் புகட்டிக்கொண்டே அழுதாள். இன்றைக்குக் குட்டிக்கு ஆறேழு வாரத்திலேயே ஊசி ஆரம்பித்துவிடுகிறது. பேத்தி தன் கைபேசியில் அடுத்த தேதியைக் குறித்து வைத்திருக்கிறாள். இந்த ஒன்றுக்காக இந்தக் காலத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அவள் கடைசியில் கன்னிதான் எடுத்தாள். ஊருக்கு வந்து, தாயைப் பார்த்து, கல்லெறிந்து பார்த்து எடுத்தாள். வீட்டுக்குள் அது எவ்வளவு சாது என்று தினமும் வியந்து சொல்கிறாள்: பகலெல்லாம் தூங்குகிறது, தேவையில்லாமல் குரைப்பதில்லை, சின்னவன் மேலே ஏறிப் படுத்தாலும் பேசாமல் கிடக்கிறது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. விரட்ட ஒன்றும் இல்லாத நேரத்தில் இந்த நாய்கள் ஓய்ந்துதான் கிடக்கும், அந்தக் குணத்தால்தான் அவை வீட்டுக்கும் ஆகின. ஆனால் முதல் சில வாரங்களில் அது சோபாவின் பஞ்சைப் பிய்த்துப் போட்டதையும், பால்கனிக் கம்பிக்கு வெளியே பறக்கும் புறாவைப் பார்த்து உடம்பெல்லாம் நடுங்க நின்றதையும் சொன்னபோது நான் உடனே கிளம்பிப் போனேன். அவர்கள் அதைத் தினமும் கயிற்றில் பிடித்து அரைமணி நேரம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நடை அதற்குப் போதாது. மறுநாள் விடியும்முன் பக்கத்தில் சுற்றுச்சுவர் உள்ள ஒரு மைதானத்துக்குக் காவலாளியிடம் கேட்டுக்கொண்டு போனோம். கதவைச் சாத்திவிட்டுக் கயிற்றைக் கழற்றினேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தது. பிறகு கிளம்பிய வேகத்தில் என் வேட்டி படபடத்தது. முயலும் இல்லை, புறாவும் இல்லை. ஓட இடம் இருந்தது, ஓடியது. பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாரத்தில் மூன்று நாளாவது அப்படி விடுகிறார்கள். சோபா அதற்குப் பிறகு பிழைத்துக்கொண்டது.

நம் ஊர் நாய் வேண்டும் என்று இன்று ஆசைப்படுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வேட்டை போய்விட்டது, போகட்டும். அது திரும்பி வர வேண்டாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஓடுவதற்கென்றே உருவான உடம்பு அது. வேலி போட்ட தோட்டமோ, அடைத்த மைதானமோ, கூட்டமில்லாத கடற்கரையோ உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் மட்டும் எடுங்கள். இல்லையென்றால் தெருவில் பிறந்த ஒரு குட்டியை எடுத்து வளர்த்துவிடுங்கள், அதுவும் உங்களுக்கு உயிரைக் கொடுக்கும். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நேரில் போய்த் தாயைப் பாருங்கள், பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். முழு வெள்ளைதான் வேண்டும், கடுவன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சாத்தூர்ப் பக்கமும் ராஜபாளையம் பக்கமும் வளர்ப்பவர்கள் வீட்டில் கடுவன் குட்டிகள் போன பிறகு, பெட்டைக் குட்டிகள் கேட்பாரில்லாமல் கிடக்கின்றன. போகும்போது அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள்.